கடைசி ஒரு சதவீத ஆக்சிஜன்: மலிவான டைட்டானியம் பொடிக்கான தேடல் குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

டைட்டானியத்தைக் காற்றில் வைத்துச் சூடாக்கினால் அதன்மேல் ஒரு தோல் படரும். வெளியே ஆக்சைடு இருக்கும். அதற்குக் கீழே, ஆக்சிஜன் ஊறி எளிதில் விரிசல் விடும் கெட்டியான உலோகம் இருக்கும். இந்தத் தோலோடு ஒரு பாகத்தைப் பயன்படுத்த முடியாது என்பதால், அமிலத்தில் கரைத்தோ இயந்திரத்தால் செதுக்கியோ அதை நீக்கிவிடுவார்கள். 1990களின் பிற்பகுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டெரெக் ஃப்ரே, டாம் ஃபார்திங், ஜார்ஜ் சென் ஆகிய மூவரும் வேறொரு வழியை ஆராய்ந்தார்கள். தோலைச் செதுக்காமல், அதற்குள் இருக்கும் ஆக்சிஜனை மட்டும் மின்சாரத்தால் வெளியே இழுத்துவிட முடியுமா என்பதே அவர்களின் கேள்வி. உருகிய கால்சியம் குளோரைடு உப்புக்குள் அந்த டைட்டானியத் துண்டை எதிர்மின்வாயாக இறக்கி மின்னோட்டம் கொடுத்தார்கள். ஊறிய ஆக்சிஜன் வெளியேறியது. அவர்கள் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது: மேலே படர்ந்திருந்த ஆக்சைடே உலோகமாக மாறியிருந்தது.

தோல் உலோகமாகுமானால், முழு ஆக்சைடு வில்லை ஏன் ஆகக்கூடாது? வெள்ளை டைட்டானியம் டை ஆக்சைடு பொடியை வில்லைகளாக அழுத்தி அதே உப்பில் இறக்கினார்கள். அவையும் உலோகமாயின. 2000 செப்டம்பரில் 'நேச்சர்' இதழில் இந்த முடிவு வெளியானது. மூவர் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து எஃப்.எஃப்.சி. கேம்பிரிட்ஜ் முறை என்று அதற்குப் பெயர் நிலைத்தது. டைட்டானியத்தின் விலை இனி அலுமினியத்தை நோக்கி இறங்கும் என்ற எதிர்பார்ப்பு அப்போது பரவலாக எழுந்தது.

அந்தக் கட்டுரை வந்து கால் நூற்றாண்டு ஆகிறது. உலகின் டைட்டானியம் ஏறக்குறைய முழுவதும் இன்னமும் அதற்கு முந்தைய முறையில்தான் உற்பத்தியாகிறது. விலையும் அலுமினியத்தின் அருகே வரவில்லை. கண்டுபிடிப்பு பொய்யில்லை, வேதியியலும் தவறில்லை. அப்படியிருந்தும் எது தடுத்தது என்பதைப் பார்ப்பதே இந்த ஆய்வின் நோக்கம். மலிவான டைட்டானியம் பொடியைப் பற்றிய பேச்சில் பெரும்பகுதி, தாதுவிலிருந்து உலோகத்தைப் பிரிக்கும் செலவைச் சுற்றியே நடக்கிறது. செலவின் கனமான பகுதி அங்கே இல்லை என்றே நான் கருதுகிறேன். அது கடைசி ஒரு சதவீத ஆக்சிஜனில் இருக்கிறது: அதை எடுப்பதிலும், எடுத்தபின் திரும்ப வரவிடாமல் காப்பதிலும்.

பழைய வழியின் கணக்கு

டைட்டானியம் அரிய தனிமம் அன்று. பூமியின் மேலோட்டில் மிகுதியாக உள்ள தனிமங்களின் வரிசையில் அது ஒன்பதாவது. இல்மனைட், ரூட்டைல் ஆகிய மணல் தாதுக்களாகக் கடற்கரைகளில் கிடைக்கிறது. எடுக்கப்படும் தாதுவில் பெரும்பகுதி உலோகமாவதே இல்லை. வெள்ளை வண்ணப்பூச்சுக்கும் காகிதத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் நிறமியாகப் போய்விடுகிறது. தாது மலிவு, உலோகம் விலை மிகுந்தது. இடையே இருப்பது ஆக்சிஜனின் பிடி.

கரியைக் கொண்டு இரும்பை எடுப்பதுபோல் டைட்டானியத்தை எடுக்க முடியாது. கரி ஆக்சிஜனை விலக்கும்போதே உலோகத்தோடு சேர்ந்து டைட்டானியம் கார்பைடு ஆகிவிடும். லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் கிரோல் 1930களில் இதற்கு ஒரு சுற்றுவழியை வகுத்தார். ஆக்சைடைக் கரியோடு சேர்த்து, 1,000 பாகை செல்சியஸை ஒட்டிய வெப்பத்தில் குளோரின் வாயுவைச் செலுத்த வேண்டும். ஆக்சிஜன் கரியோடு போய்விடும். டைட்டானியம், 136 பாகையில் கொதிக்கும் டெட்ராகுளோரைடு திரவமாக வரும். அதைக் காய்ச்சி வடித்துத் தூய்மையாக்கி, எதனோடும் வினைபுரியாத ஆர்கான் வாயு நிரப்பிய எஃகுக் கலத்தில் உருகிய மக்னீசியத்தின்மேல் விட வேண்டும். மக்னீசியம் குளோரினைப் பிடித்துக்கொள்ள, டைட்டானியம் துளைகள் நிறைந்த பஞ்சுபோல் கலத்தின் சுவரில் ஒட்டி வளரும். எஞ்சிய உப்பையும் மக்னீசியத்தையும் வெற்றிடத்தில் சூடாக்கி ஆவியாக்கி நீக்கியபின், பஞ்சைக் கலத்திலிருந்து பெயர்த்து எடுத்து நொறுக்குவார்கள். ஒரு கலத்தை ஏற்றி இறக்கப் பல நாட்கள் ஆகும்.

அணு எடைகளை வைத்து யாரும் செய்துபார்க்கக்கூடிய ஒரு கணக்கு உண்டு. ஒரு கிலோ டைட்டானியத்துக்கு ஏறத்தாழ 4 கிலோ டெட்ராகுளோரைடு வேண்டும், 1 கிலோ மக்னீசியம் வேண்டும். வெளியே வருவது 4 கிலோ மக்னீசியம் குளோரைடு. அதை மின்பகுப்பு செய்து மக்னீசியத்தையும் குளோரினையும் மீட்டுத் திரும்பவும் சுழற்சியில் விட வேண்டும். நேரடியாக ஆக்சைடிலிருந்து எடுத்தால் 1.67 கிலோ ஆக்சைடு போதும், நீக்க வேண்டிய ஆக்சிஜன் 0.67 கிலோ மட்டுமே. காகிதத்தில் இந்த இரண்டு கணக்குகளையும் அருகருகே வைத்துப் பார்க்கும் எவருக்கும் நேரடி முறையின் மீது ஆசை வரும். தம் முறைக்குப் பதிலாக மின்பகுப்பு முறை வந்துவிடும் என்று கிரோலே எதிர்பார்த்தார்.

கிரோல் முறையின் வலிமை அந்தச் சுற்றுவழியிலேயே இருப்பது பலருக்குக் கண்ணில் படுவதில்லை. டெட்ராகுளோரைடு ஆனவுடன் ஆக்சிஜன் அங்கேயே தீர்ந்துவிடுகிறது. அதன்பின் உலோகம் பிறக்கும் இடத்தில் ஆக்சிஜனே இல்லை. ஆகவே 'கடைசி ஒரு சதவீதம்' என்ற பிரச்சினையே அதற்கு எழுவதில்லை. இத்தனை வெப்பம், இத்தனை குளோரின், இத்தனை நாட்கள் எல்லாவற்றுக்கும் ஈடாக அது தரும் பலன் இதுதான்.

பஞ்சு பொடியாகும்வரை

பஞ்சை வாங்கியவருக்குப் பொடி வேண்டுமென்றால் இன்னொரு பயணம் தொடங்குகிறது. பஞ்சை அழுத்திக் கட்டையாக்கி, கலவைத் தனிமங்கள் சேர்த்து வெற்றிட வில் உலையில் உருக்கி, பாளமாக்கி, அடித்து உருட்டிக் கம்பியாகவோ தண்டாகவோ ஆக்க வேண்டும். பிறகு அந்தத் தண்டின் முனையை உருக்கி, விழும் துளிகளை ஆர்கான் வீச்சால் சிதறடிக்க வேண்டும். கம்பியாக இருந்தால் பிளாஸ்மா சுடரில் நுழைத்து உருக்கிச் சிதறடிக்கலாம். துளிகள் விழும்போதே உறைந்து உருண்டை மணிகளாகும். பொடியை அடுக்கடுக்காகப் பரப்பி லேசரால் உருக்கி, பாகங்களை முப்பரிமாணத்தில் அச்சிடும் இயந்திரங்களுக்கு 15 முதல் 45 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) வரையிலான மணிகளே பொருந்தும். எலக்ட்ரான் கற்றை இயந்திரங்கள் 45 முதல் 106 மைக்ரான் வரை ஏற்கும். ஆர்கான் வீச்சில் உண்டாகும் பொடியில் முதல் வகையினருக்கு உதவும் பங்கு பெரும்பாலும் பாதிக்கும் குறைவு. மீதி பெருமணிகளுக்கு வேறு வாடிக்கையாளரைத் தேட வேண்டும்.

உருக்காமல் பொடியாக்கும் ஒரு பழைய வழியும் உண்டு, இந்த ஆய்வில் பின்னால் அது முக்கியமாகப் போகிறது. டைட்டானியத்தைச் சூடான ஹைட்ரஜனில் வைத்தால் அதைத் தாகத்தோடு உறிஞ்சும். எடையில் 4 சதவீதம் அளவு ஹைட்ரஜன் ஏறி டைட்டானியம் ஹைட்ரைடு ஆகும்போது உலோகம் கல்லுப்பைப்போல் நொறுங்கும். இடித்துப் பொடியாக்கி, சலித்து, வெற்றிடத்தில் சூடாக்கினால் ஹைட்ரஜன் வெளியேறிவிடும். விலை குறைவு. ஆனால் மணிகள் முனைமுனையாக இருக்கும், உருண்டையாக இரா. அச்சு இயந்திரத்தில் மணல்போல் ஒழுகிப் பரவாது. இடிக்கும்போதும் சூடாக்கும்போதும் ஆக்சிஜனும் சற்று ஏறும்.

இவ்வளவு பாடுபட்டுப் பொடி எதற்கு என்றால், டைட்டானியத்தைக் கடைந்து வடிவமாக்குவதில் வீணாகும் உலோகம் அவ்வளவு. விமான பாகங்களில் வாங்கிய எடைக்கும் பறக்கும் எடைக்கும் உள்ள விகிதம் பத்துக்கு ஒன்று என்பது சாதாரணம். பத்து கிலோ கட்டையில் ஒன்பது கிலோ சீவலாகிவிடும். பொடியிலிருந்து நேரே வடிவத்தை எழுப்பினால் அந்த ஒன்பது கிலோ மிச்சம். ஆனால் அந்த மிச்சத்தைப் பொடியின் விலையே விழுங்கிவிடுகிறது. பொடி மலிவானால்தான் இந்தத் தொழில் விமானத்தையும் உடலுக்குள் வைக்கும் மருத்துவ உறுப்புகளையும் தாண்டி வெளியே வரும்.

கேம்பிரிட்ஜிலிருந்து ரோதர்ஹாமுக்கு

எஃப்.எஃப்.சி. முறையின் ஈர்ப்பு இந்தப் பின்னணியில் விளங்கும். ஆக்சைடு பொடியாகவே வருகிறது. அதை உருக்காமலேயே உலோகமாக்கினால் விளைவதும் பொடியாகவே இருக்கலாம். உருக்குதல், அடித்தல், கம்பியிழுத்தல், சிதறடித்தல் என்ற நடுப்பகுதி முழுவதும் தேவையற்றுப்போகும். கலவை உலோகத்துக்கும் தனி வேலை இல்லை: கலவையில் சேரும் தனிமங்களின் ஆக்சைடுகளைச் சரியான அளவில் கலந்து வில்லையாக்கினால் போதும், கலவையாகவே உலோகம் வரும்.

வேலை நடக்கும் விதம் இது. உப்பின் வெப்பம் 800 முதல் 1,000 பாகை வரை. ஆக்சைடு எதிர்மின்வாயில், கரிக்கோல் நேர்மின்வாயில். மின்னழுத்தம் சுமார் 3 வோல்ட். கால்சியம் குளோரைடே சிதைந்துவிடாத அளவுக்குள் அதை நிறுத்த வேண்டும். ஆக்சைடிலிருந்து ஆக்சிஜன் அயனியாகப் பிரிந்து உப்பில் கரைந்து நடந்து கரிக்கோலை அடைந்து, கார்பன் டை ஆக்சைடாகவும் மோனாக்சைடாகவும் வெளியேறும். கால்சியம் குளோரைடைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணமும் இதுதான்: உருகிய நிலையில் அது ஆக்சைடு அயனியைத் தன்னுள் கரைத்துச் சுமக்கும்.

தொடக்கத்தில் வேகமாகப் போகும் வேலை போகப்போகத் தளர்ந்துவிடும். டை ஆக்சைடு ஒரே தாவலில் உலோகமாவதில்லை. ஆக்சிஜன் குறைந்த ஆக்சைடுகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தோன்றி மறைகின்றன. நடுவே உப்பிலுள்ள கால்சியமும் புகுந்து கால்சியம் டைட்டனேட்டாகி, வில்லையின் துளைகளைச் சற்று அடைத்துக்கொள்கிறது. கடைசியில் உலோகம் உருவாகிவிட்டாலும் அதில் ஆக்சிஜன் ஊறியே இருக்கிறது. டைட்டானியத்தின் இயல்பு அது. வேறு பல உலோகங்களில் ஆக்சைடு தனி, உலோகம் தனி என்று எல்லை தெளிவாக இருக்கும். டைட்டானியம் தன் படிக இடுக்குகளில் எடையில் 14 சதவீதம்வரை ஆக்சிஜனைக் கரைத்து வைத்துக்கொண்டு, அப்போதும் உலோகமாகவே நிற்கும். கேட்கப்படும் அளவோ மிகச் சிறியது. ஆறு சதவீத அலுமினியமும் நான்கு சதவீத வனேடியமும் கொண்ட, உலகில் அதிகம் புழங்கும் கலவைக்கு ஆக்சிஜன் உச்சவரம்பு 0.20 சதவீதம். மருத்துவ உறுப்புகளுக்கான அதன் தூய வகைக்கு 0.13 சதவீதம். ஆக்சைடில் இருப்பது 40 சதவீதம். நாற்பதிலிருந்து ஒன்றுக்கு இறங்குவதைவிட ஒன்றிலிருந்து 0.2க்கு இறங்குவது கடினம், ஏனெனில் அடர்த்தி குறையக் குறைய எஞ்சிய ஆக்சிஜனை உலோகம் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கிறது.

இந்தத் தளர்ச்சியை அழகாகக் காட்டும் ஓர் எண் வேறொரு துறையிலிருந்து கிடைக்கிறது. நிலவின் மண்ணிலிருந்து மூச்சுக்காற்று எடுப்பதற்காக இதே முறையைச் செயற்கை நிலா மண்ணில் கிளாஸ்கோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சோதித்தார்கள். ஐரோப்பிய விண்வெளி முகமை அதற்கு ஆதரவளித்தது. அங்கே ஆக்சிஜன்தான் விளைபொருள், உலோகம் உடன்வரவு. 96 சதவீத ஆக்சிஜனை எடுக்க 50 மணி நேரம் ஆயிற்று. மொத்த ஆக்சிஜனில் 75 சதவீதம் முதல் 15 மணி நேரத்திலேயே வந்துவிட்டது. நிலவில் இருப்பவர் பதினைந்தாம் மணியில் நிறுத்திவிட்டு அடுத்த மண்ணை ஏற்றிக்கொள்ளலாம். டைட்டானியம் தயாரிப்பவருக்கு அந்தச் சலுகை கிடையாது. 96 சதவீதமும் அவருக்குப் போதாது. 40இல் 0.2 மட்டும் எஞ்ச வேண்டுமென்றால் நீக்க வேண்டியது 99 சதவீதத்துக்கும் மேல்.

மின்சாரக் கணக்கும் இங்கேதான் கலைகிறது. ஒரு டைட்டானியம் அணுவுக்கு நான்கு எலக்ட்ரான்கள். அதன்படி ஒரு கிலோவுக்கு 2,240 ஆம்பியர்-மணி, 3 வோல்ட்டில் ஏறத்தாழ 6.7 யூனிட். மிகக் கவர்ச்சியான எண்! ஆனால் கொடுக்கும் மின்னோட்டம் முழுவதும் ஆக்சிஜனை இழுக்கப் பயன்பட்டால்தான் இது உண்மை. கடைசிக் கட்டத்தில் இழுக்க ஆக்சிஜன் அரிதாகிவிட, மின்னோட்டம் வேறு வழிகளில் ஓடுகிறது. உப்பில் கரைந்த சிறிதளவு கால்சியம் எலக்ட்ரான்களை நேரடியாகவே கடத்துகிறது. கரிக்கோலில் பிறந்த கார்பன் டை ஆக்சைடு மறுபடி உப்பில் கரைந்து கார்பனேட்டாகி, எதிர்மின்வாயில் கரியாகப் படிகிறது. ஆக்சிஜனை எடுக்கப் போய்க் கார்பனைச் சேர்த்துக்கொள்வது உலோகத்துக்கு இரட்டை நட்டம். மூன்றில் ஒரு பங்கு மின்னோட்டம் மட்டும் பயன்பட்டால் அந்த 6.7 யூனிட், 20 யூனிட்டாகிவிடும்.

2001இல் இந்த முறையை வணிகமாக்க மெட்டாலிசிஸ் என்ற நிறுவனம் தொடங்கப்பட்டு, பின்னர் இங்கிலாந்தின் ரோதர்ஹாம் பகுதியில் நிலைகொண்டது. அங்கே செய்யப்பட்ட ஒரு முன்னேற்றத்தை நான் மிக மதிக்கிறேன். தூய வெள்ளை ஆக்சைடை வில்லையாக்குவதற்குப் பதில் ரூட்டைல் மணலையே நேரே கலத்தில் இட்டார்கள். ஒவ்வொரு மணற்பரலும் தன் வடிவத்தைக் காத்துக்கொண்டே உலோகப் பரலாக மாறியது. நிறமித் தொழிற்சாலையின் தூய்மைப்படுத்தும் செலவும், வில்லையை உடைக்கும் வேலையும் ஒருசேர மிச்சம். 2013இல் ஷெஃபீல்டு பல்கலைக்கழகத்தோடு சேர்ந்து அந்தப் பொடியைக் கொண்டு வாகன பாகங்களை அச்சிட்டும் காட்டினார்கள். மணலிலிருந்து உருவம்வரை ஒருமுறைகூட டைட்டானியத்தைப் பாளமாக வார்க்காமல் வந்துசேர்ந்த பாகங்கள் அவை.

ஆயினும் நிறுவனத்தின் கவனம் மெல்ல டாண்டலம் போன்ற உலோகங்களின் பக்கம் திரும்பியது. அதற்குத் தெளிவான காரணம் உண்டு. டாண்டலம் கிலோ ஒன்றுக்கு மிக அதிக விலை பெறும், குறைந்த அளவே தேவைப்படும். மெதுவாக ஓடும் ஒரு கலம் அங்கே பிழைக்க முடியும். ஆயிரக்கணக்கான டன் கேட்கும் டைட்டானியத்தில் அதே வேகம் கட்டுப்படியாகாது. 2019இல் மெட்டாலிசிஸ் நிதி நெருக்கடியில் திவால் நிர்வாகிகளின் பொறுப்புக்குச் சென்று, பின்னர் புதிய உரிமையாளரிடம் கைமாறியது. தோல்வி என்ற ஒரு சொல்லில் இதை அடக்குவது அநியாயம். முறை வேலை செய்தது. கடைசிக் கட்டத்தின் நேரச் செலவைத் தாங்கும் விலை டைட்டானியத்துக்கு இல்லை.

தோலின் கணக்கு

இதற்கு இணையாக அமெரிக்காவில் ஓடிய இன்னொரு முயற்சி, பிரச்சினையின் மறுபக்கத்தைக் காட்டுகிறது. இல்லினாய் மாநிலத்தில் இன்டர்நேஷனல் டைட்டானியம் பவுடர் என்ற நிறுவனம் ஆம்ஸ்ட்ராங் முறையை வளர்த்தது. 1910இல் மேத்யூ ஹன்டர் சோடியம் கொண்டு தூய டைட்டானியத்தை எடுத்த வேதிவினையேதான் இதுவும். மூடிய கலத்தில் ஒரு வெடிப்புபோல் நடந்த அந்த வினையை இவர்கள் ஓடும் ஆறாக்கினார்கள். ஓடிக்கொண்டிருக்கும் உருகிய சோடியத்துக்குள் டெட்ராகுளோரைடு ஆவியை ஊதுகுழலால் செலுத்தினால், நுழைந்த இடத்திலேயே டைட்டானியம் பொடியாகப் பிறக்கும். மிகுதியான சோடியம் வெப்பத்தைச் சுமந்துகொண்டு ஓடிவிடும். ஏற்றி இறக்கும் நாட்கள் இல்லை, நிறுத்தாமல் ஓடும். ஆவியிலேயே அலுமினியம், வனேடியம் குளோரைடுகளைக் கலந்தால் கலவைப் பொடியே நேராக வரும். 2008இல் கிரிஸ்டல் நிறுவனம் இதை வாங்கி, அதே மாநிலத்தின் ஒட்டாவா நகரில் பெரிய ஆலையும் அமைத்தது.

ஆக்சிஜனைக் குளோரினேற்றத்திலேயே கழற்றிவிட்டதால் எஃப்.எஃப்.சி.யின் சிக்கல் இங்கே இல்லை. ஆனால் பொடி பவளக்கிளைபோல் பிறந்தது: மிக நுண்ணிய கிளைகள், நடுவே உப்பு. ஒரு கிலோ டைட்டானியத்தோடு ஏறத்தாழ 4.9 கிலோ சோடியம் குளோரைடும் உண்டாகிறது. அதை நீரில் கழுவி நீக்க வேண்டும். கிளைகளுக்கிடையே மாட்டிய உப்பு முழுவதும் போகாவிட்டால், பின்னர் பொடியைச் சூடேற்றி இறுக்கும்போது அது ஆவியாகி நுண்துளைகளை விட்டுச்செல்லும். மீண்டும் மீண்டும் ஏறி இறங்கும் சுமையால் வரும் களைப்பைத் தாங்காமல் பாகம் விரிசல் விடும். பவளவடிவம் அச்சு இயந்திரத்தில் பரவாது, அச்சுக்குழியில் அடர்ந்து நிரம்பவும் செய்யாது.

நுண்மைக்கு இன்னொரு விலையும் உண்டு. காற்றைக் கண்ட டைட்டானியம் எதுவாயினும் அதன்மேல் சில நானோமீட்டர் தடிப்பில் ஆக்சைடு படர்ந்தே தீரும். 5 நானோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 30 மைக்ரான் விட்டமுள்ள உருண்டை மணியில் அந்தத் தோலிலுள்ள ஆக்சிஜன் மணியின் எடையில் சுமார் 0.04 சதவீதம். தாங்கலாம். 3 மைக்ரான் மணியில் அதே தோல் 0.4 சதவீதம். உள்ளே ஓர் அணு ஆக்சிஜன்கூட இல்லாத பரிபூரணத் தூய உலோகமாக இருந்தாலும், அனுமதிக்கப்பட்டதைப்போல் இருமடங்கு ஆக்சிஜனைத் தோலே கொண்டுவந்துவிடுகிறது. நுண்ணிய பொடியை நேரடியாகத் தரும் எந்த முறையைப் பற்றிய அறிவிப்பைப் படித்தாலும் நான் முதலில் மணியின் அளவைத் தேடுவது இதனால்தான். அந்த ஓர் எண் தெரிந்தால் மற்றவற்றில் பாதியை நாமே கணித்துவிடலாம்.

நுண்பொடி தீப்பற்றும் என்பதையும் சொல்ல வேண்டும். எரியும் டைட்டானியம் நைட்ரஜனிலும் தொடர்ந்து எரியும், நீர் ஊற்றினால் நிலைமை மோசமாகும். ஆர்கானுக்குள் வேலை செய்வதன் செலவு எந்த முறையையும் விட்டுவைப்பதில்லை.

வந்து போகும் ஹைட்ரஜன்

யூட்டா பல்கலைக்கழகத்தில் ஸாக் ஃபாங் குழுவினர் எடுத்த வழி, இந்த இரண்டு முயற்சிகளின் பாடத்தையும் உள்வாங்கியது என்பது என் மதிப்பீடு. அவர்கள் ஆக்சைடிலிருந்தே தொடங்குகிறார்கள், ஆனால் மின்சாரத்தால் இழுக்காமல் மக்னீசியத்தைப் பயன்படுத்துகிறார்கள். ஆக்சைடிலுள்ள ஆக்சிஜனை மக்னீசியம் பெரும்பாலும் பிடுங்கிவிடும். ஆனால் ஒன்றிரண்டு சதவீத ஆக்சிஜன் எஞ்சும் நிலையில் நின்றுபோகும். காரணம் வேகக்குறைவு அன்று. அந்த அளவில் ஆக்சிஜனுக்கு மக்னீசியத்தோடு சேர்வதைவிட டைட்டானியத்துக்குள் கரைந்து கிடப்பதே நிலையானது. எத்தனை நாள் காத்திருந்தாலும் வெளியே வராது. கால்சியம் அதைவிட வலியது, ஆக்சிஜனை இன்னும் கீழே இறக்கும். ஆனால் விலையும் கையாளும் வெப்பமும் கூடும்.

அவர்கள் கண்டது இது: ஆர்கானுக்குப் பதில் ஹைட்ரஜன் சூழலில் அதே வேலையைச் செய்தால் தராசு சாய்கிறது. டைட்டானியத்துக்குள் ஹைட்ரஜன் புகுந்ததும் ஆக்சிஜனுக்கு அங்கே இருந்த நிலைப்பு குலைகிறது. இப்போது மக்னீசியத்தோடு சேர்வதே அதற்கு மேல். உருகிய மக்னீசியம் குளோரைடின் துணையோடு 750 பாகை அளவில் வேலை நடக்கிறது. மிஞ்சிய உப்பையும் மக்னீசியம் ஆக்சைடையும் மெல்லிய அமிலத்தால் கழுவியபின், இன்னொரு சுற்று ஆக்சிஜன் நீக்கத்தில் 0.15 சதவீதத்துக்கும் கீழே இறங்க முடிகிறது. வேலை முடிந்ததும் வெற்றிடத்தில் சூடாக்கினால் ஹைட்ரஜன் விடைபெற்றுவிடுகிறது. 2016இல் அமெரிக்க வேதியியல் சங்கத்தின் ஆய்விதழில் இதன் வெப்ப இயக்கவியல் அடிப்படை வெளியானது. பொடியாக்க நொறுக்குவதற்கு மட்டும் பயன்பட்டுவந்த ஹைட்ரஜனை, ஆக்சிஜனின் இருக்கையை ஆட்டுவதற்குப் பயன்படுத்தியதில் உள்ள அழகு என்னை இன்னும் வியக்க வைக்கிறது.

அதைவிட முக்கியமாக நான் கருதுவது, வேலைகளின் வரிசையை அவர்கள் மாற்றியதைத்தான். உருண்டைப் பொடிக்கான அவர்களுடைய வழியில், டைட்டானியம் ஹைட்ரைடை முதலில் நுண்ணியதாக அரைக்கிறார்கள். ஒட்டுப்பொருள் சேர்த்துத் தெளித்து உலர்த்தி உருண்டைகளாக்குகிறார்கள். பிறகு சூடேற்றி இறுக்குகிறார்கள். இவை ஒவ்வொன்றிலும் ஆக்சிஜன் ஏறத்தான் செய்யும். ஏறட்டும் என்று விட்டுவிடுகிறார்கள். ஆக்சிஜன் நீக்கம் கடைசியில், மணி தன் முழு அளவையும் உருண்டை வடிவத்தையும் அடைந்த பின்னரே வருகிறது. 3 மைக்ரானில் தோற்கும் தோல் கணக்கு 30 மைக்ரானில் வென்றுவிடுகிறது. முந்தைய முறைகள் எல்லாம் முதலில் தூய்மையைச் சம்பாதித்து, பிறகு ஒவ்வொரு படியிலும் அதைச் சிறிது சிறிதாக இழந்தன. அந்தப் படிகள் அத்தனையிலும் அதைக் காப்பதற்கே பெரும்பணம் போயிற்று.

இன்னொரு கதவும் திறக்கிறது. கடைசலில் விழும் சீவல்களில் ஆக்சிஜன் ஏறியிருக்கும். உருக்குவதால் டைட்டானியத்திலிருந்து ஆக்சிஜனை நீக்க முடியாது, வெற்றிட உலையும் அதைத் தொடாது. அதனால் அழுக்கான சீவல்கள் எஃகு ஆலைகளில் சேர்க்கைப் பொருளாகத் தரமிறங்கிப் போகின்றன. ஆக்சிஜன் நீக்கம் மலிவானால் அந்தக் குப்பையே கச்சாப்பொருள். இந்தத் தொழில்நுட்பத்தை எடுத்துக்கொண்ட ஐபீரியன்எக்ஸ் நிறுவனம் வர்ஜீனியாவில் அமைத்த ஆலை அங்கிருந்துதான் தொடங்கியது. 2024இல் அங்கே தொழிற்சாலை அளவிலான உலையில் முதல் ஆக்சிஜன் நீக்க ஓட்டம் நடந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையும் பணம் கொடுத்திருக்கிறது. அந்த நாட்டின் வணிக அளவிலான கடைசி டைட்டானியம் பஞ்சு ஆலை, நெவாடாவின் ஹென்டர்சனில் இருந்தது, 2020இல் மூடப்பட்டுவிட்ட நிலையில் அந்த அக்கறை இயல்பானது.

ஆனால் கணக்கைப் பாதியில் மூடக்கூடாது. மக்னீசியம் இங்கே குளோரைடாக வராமல் ஆக்சைடாக வருகிறது, அமிலத்தில் கரைந்து கழுவுநீரோடு போகிறது. கிரோல் ஆலையில் உருகிய குளோரைடு அப்படியே மின்பகுப்புக் கலத்துக்குப் போய் மக்னீசியமாகத் திரும்பிவரும். இங்கே கழுவுநீரை வற்றச் செய்து, நீரைக் கடைசிவரை விரட்டிய பிறகே அந்தக் கலத்தில் இட முடியும். அது மின்சாரமும் எரிபொருளும் கேட்கும் வேலை. சீவலில் ஒன்றிரண்டு சதவீத ஆக்சிஜனை மட்டும் நீக்கும்போது மக்னீசியத் தேவை சிறிது, இந்தக் கேள்வி எழாது. தாதுவிலிருந்து தொடங்கி 40 சதவீதத்தையும் நீக்கும்போது, ஒரு கிலோ டைட்டானியத்துக்கு ஒரு கிலோ மக்னீசியம் என்ற பழைய கணக்கு அப்படியே திரும்பி வருகிறது.

ஆகவே இன்றைய நிலையில் மலிவான பொடிக்கான முன்னணி வழி, கிரோல் முறையில் ஒருமுறை பிறந்து கடைசலில் சீவலாகிய டைட்டானியத்தை உண்டுதான் ஓடுகிறது. விமானத் தொழில் பத்தில் ஒன்பதைச் சீவலாக்கும்வரை அந்த உணவுக்குப் பஞ்சமில்லை. அதே உலையில் சீவலுக்குப் பதில் தாதுவிலிருந்து எடுத்த ஆக்சைடை ஏற்றி, சோதனைச் சான்றிதழில் ஆக்சிஜன் 0.20க்குக் கீழேயும், பக்கத்திலேயே மக்னீசிய மீட்புச் செலவும் எழுதப்பட்டு வரும் நாளுக்காகத்தான் நான் காத்திருக்கிறேன்.